துருவில் பதிந்த கை

அத்தியாயம் பதினேழு

அந்தக் கை யாருடையது என்று பாப்பாவுக்குப் பார்த்த கணமே தெரிந்துவிட்டது.

அது அவளுடைய கை.

பீரோ செய்கிறவர் திருப்பி அனுப்பிய இரும்புச் சுருள், அவர்கள் பாஷையில் காயில், குடோனின் நடுவில் இரண்டு மர ஆப்புகளுக்கு இடையே உட்கார்ந்திருந்தது. ஐந்து டன் இரும்பு. பாயைச் சுருட்டி வைத்தது போல் இறுகச் சுற்றிய தகடு. கூடவே வந்த மேலுறைத் தாளைக் கிழித்துக் கீழே எறிந்திருந்தார்கள். முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்க வேண்டிய தகடு, ஓரமெல்லாம் சுற்றுக்குச் சுற்று பழுப்பேறிக் கிடந்தது. அதன் நெற்றியில் செம்பழுப்பாக ஒரு உள்ளங்கை. ஐந்து விரலும் எண்ணிவிடலாம். சுண்டுவிரல் மட்டும் நுனியில் உள்பக்கமாக வளைந்திருந்தது.

பாப்பா தன் வலது கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

பாப்பா என்றால் முப்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஆனாலும் அண்ணனுக்கு அவள் பாப்பா. குடோன் ஆட்களுக்குப் பாப்பாம்மா. வருகிற காயிலின் எண்ணைப் பதிவேட்டில் ஏற்றுவதும் சீட்டு ஒட்டுவதும் அவள் வேலை. ஆலை ஆலையாகப் போய்க் காயில் வாங்குவது அண்ணன். வந்ததை இறக்கிப் பத்திரமாக வைப்பது அவள் கணவர். பதினைந்து வருடமாக அண்ணன் அவரை 'மாப்பிள்ளை' என்றே கூப்பிடுகிறார். அந்த ஒரு சொல்லில் எவ்வளவு மரியாதை உண்டோ அவ்வளவு ஊசியையும் வைத்துக் கூப்பிட அவரால் முடியும்.

நேற்றுச் சாயங்காலம் காயில் திரும்பி வந்தது முதல் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. "காலையில பத்து மணிக்கு எல்லாரும் குடோனுக்கு வந்துடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார் அண்ணன்.

பத்து அடித்தது. அண்ணன் வந்தார்.

"வாங்கினவன் தப்பா, வெச்சவன் தப்பா? இதுக்கு ஒரு பஞ்சாயத்தே வேணாம்" என்றார். "காயிலே சாட்சி சொல்லுது. பாருங்க எல்லாரும். நல்லாக் கிட்ட வந்து பாருங்க."

ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இந்தத் தகட்டுல எண்ணெய் கிடையாது. பெயிண்ட் நல்லாப் பிடிக்கணும்னு பீரோக்காரர் கேட்டு வாங்கினது. வெறுங்கை பட்டா அப்பத் தெரியாது, ஒரு வாரத்துல கை அப்படியே துருவா எந்திரிச்சு நிக்கும். இது இங்க வேலை செய்யுற பூனைக்குக்கூடத் தெரியும். அப்ப யாரு உறையைப் பிரிச்சது? யாரு கை வெச்சது?"

அண்ணன் அவள் கணவர் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, நீங்க சொல்லுங்க. உங்க குடோன். உங்க சாவி. நாங்கல்லாம் சும்மா வந்துட்டுப் போறவங்க."

அவள் கணவர் கீழே கிடந்த உறைத் தாளைக் குனிந்து எடுத்தார். அதில் அவருடைய சாக்பீஸ் எழுத்து இன்னும் அழியாமல் இருந்தது. 'வந்தது: பகல் 12. நாளை 12 மணி வரை பிரிக்கக் கூடாது.'

அது அவருடைய பழக்கம். இரண்டு நாள் மழையிலும் குளிரிலும் லாரியில் வந்த காயில், உள்ளுக்குள் பனிக்கட்டி மாதிரி இருக்கும். குடோனின் வெக்கையில் உடனே பிரித்தால், குளிர்ந்த தண்ணீர்க் குவளைக்கு வியர்ப்பது போல் அதற்கும் வியர்த்துவிடும். அந்த ஈரம் சுற்றுகளுக்கு இடையே இறங்கினால் அப்புறம் துணியால் துடைக்க வழியில்லை. ஒரு முழு நாள் உறைக்குள்ளேயே கிடந்து, இடத்தின் சூட்டுக்கு அது பழகின பிறகுதான் பிரிக்க வேண்டும். "புதுசா வந்த ஆளை உடனே வேலை வாங்கக் கூடாது, கொஞ்சம் உக்கார விடணும்" என்று சொல்லிச் சிரிப்பார்.

இன்று சிரிக்கவில்லை.

"நான் எழுதிட்டுத்தான் போனேன் மச்சான். அடை கொடுக்க வெச்சிருந்த கட்டையெல்லாம் பச்சை மரம், ஈரமா இருந்துச்சு. காஞ்ச கட்டை பாக்க மரக்கடைக்குப் போனேன். வர ஆறரை ஆயிடுச்சு. வந்து பாத்தப்ப உறை மூடித்தான் இருந்துச்சு."

"ஆமாமா, எழுதினது நீங்க. எழுதினவருக்குப் பிரிக்கத் தெரியாதா?"

காயிலைக் கட்டியிருக்கும் இரும்புப் பட்டையை வெட்டுகிற ஆள் ஒருவர் உண்டு. பருத்த உடம்பு, அதனாலேயே பெயர் ஒல்லி. சூட்டைத் தணிக்கலாம் என்று நினைத்தோ என்னவோ, "மொதலாளி, ஆளாளுக்குக் கை வெச்சுப் பாத்துட்டாப் போச்சு. என் கையை வெச்சா காயிலே மறைஞ்சுடும்" என்றார்.

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது.

"நல்லதாப் போச்சு. வைங்க. எல்லாரும் வைங்க."

மனிதர்களை வரிசையில் நிறுத்திக் கையை நீட்டச் சொல்வது எவ்வளவு சிறுமையான காரியம்! அதைச் சொல்கிறவருக்குத் தெரியாவிட்டாலும் நீட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஒல்லி கையை வைத்தார். துருக்கை முழுவதும் அதற்குள் ஒளிந்துகொண்டது. கிரேன் ஓட்டுகிறவர் வைத்தார்; விரல்கள் அரை அங்குலம் வெளியே நின்றன. அவர் பெயர் சத்தம். வாயே திறக்காத மனிதருக்கு அப்படி ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். முன்பொரு நாள் ஆப்பு நழுவி உருண்ட காயில் ஒன்று அவர் வலது பாதத்தைப் பதம் பார்த்துவிட்டது. அன்றிலிருந்து சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார்.

அன்றிலிருந்துதான் பாப்பாவுக்கும் அந்தப் பழக்கம் வந்தது.

புதிதாகக் காயில் வந்த நாளில், சாயங்காலம் வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு, ஒவ்வொன்றின் மேலும் கை வைப்பாள். 'கடவுளே, இதைத் தூக்கறவங்க கைகால் நல்லா இருக்கணும். இதுல செய்யுற சாமான் எந்த வீட்டுக்குப் போகுதோ, அந்த வீடும் நல்லா இருக்கணும்.' அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகாது. யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள். எப்போதும் கை படுவது உறைத் தாளின் மேல். அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

இந்தக் காயில் வந்த அன்று மட்டும், இதன் உறை ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. யாராவது சோதித்துப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தாள். கண்ணை மூடினாள். வெறும் தகட்டின் மேல் கையை வைத்தாள்.

சில்லென்று இருந்தது. உள்ளங்கை நனைந்தது.

வேண்டுதலை முடித்துக் கண்ணைத் திறந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு, கிழிசல் அலங்கோலமாக இருக்கிறதே என்று டேப்பை எடுத்து நாலு பக்கமும் அழுத்தி ஒட்டினாள். கச்சிதமாக, காற்றுக்கூடப் புகாமல்.

ஈரத்தை உள்ளே வைத்துத் தன் கையாலேயே பூட்டிவிட்டாள். கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர் அப்போதே மின்விசிறியை வைத்துக் காயவிட்டிருப்பார். அன்று சின்னவளுக்குக் காய்ச்சல். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் சொல்ல மறந்தாள். மறுநாள் நினைவே இல்லை; ஒட்டின உறையோடேயே காயில் பீரோக்காரர் பட்டறைக்குப் போய்விட்டது.

"மாப்பிள்ளை, என்ன நிக்கறீங்க? நீங்க மட்டும் என்ன விதிவிலக்கா?"

கணவர் முன்னே வந்தார். கையை வைக்கவில்லை. அந்தத் துருக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் பார்வை அந்த வளைந்த சுண்டுவிரலில் நின்றது.

பாப்பா முதுகுக்குப் பின்னால் சுண்டுவிரலை மடக்கிக்கொண்டாள்.

"வெச்சுப் பாக்க வேணாம் மச்சான்" என்றார். "என் கைதான்."

அவர் கை சத்தத்தின் கையைவிடப் பெரியது. அங்கே நின்ற ஒவ்வொருவர் கண்ணுக்கும் அது தெரியும். அண்ணன் கண்ணுக்கும் தெரியும். ஆனால் அண்ணன் அவர் கையைப் பார்க்கவே இல்லை. ஒரு பெருமூச்சு விட்டார். பாரம் இறங்கியவர் விடுகிற பெருமூச்சு.

"ஒத்துக்கிட்டீங்களே, அது போதும். நாளையிலிருந்து குடோனுக்கு வேற ஆள் பாத்துக்கறேன். நீங்க வீட்டுல ஓய்வா இருங்க. சோத்துக்கா பஞ்சம்?"

ஒல்லி தலையைக் குனிந்துகொண்டார்.

கணவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்ற ஆரம்பித்தார். அது இறுக்கமான வளையம். விரல்கள் மல்லுக்கட்டியும் லேசில் வரவில்லை. அதைத்தான் பாப்பாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எத்தனை காயிலை அந்த விரல்கள் தட்டிப் பார்த்து, ஆப்புச் சரிபார்த்து, சத்தத்துக்குப் பிறகு வேறு யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொண்டிருக்கின்றன!

அவள் நடந்து போனாள். முதுகுக்குப் பின்னாலிருந்த கையை எடுத்தாள். துருவின் மேல் வைத்தாள்.

விரலுக்கு விரல் பொருந்தியது. வளைந்த சுண்டுவிரல்கூட.

"பாப்பா!" என்றார் கணவர். "உனக்கென்ன பைத்தியமா? கையை எடு."

"எடுக்க மாட்டேங்க. என் கையை உங்க கைன்னு சொன்னீங்களே, யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

அண்ணன் கிட்ட வந்து அந்தக் கையைப் பார்த்தார். அந்தச் சுண்டுவிரல் வளைந்த கதை அவருக்கும் தெரியும். அவளுக்கு ஆறு வயதில், விளையாட்டாக இரும்பு கேட்டை இழுத்துச் சாத்தியவர் அவர்தான். அழுத தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடியவரும் அவர்தான். விரலை வளைத்தவருக்கு அடையாளம் தெரியவில்லை, கட்டிக்கொண்டவருக்குத் தெரிந்திருந்தது.

"நான்தான் அண்ணா கை வெச்சேன். வேண்டிக்கிட்டு வெச்சேன். உறை கிழிஞ்சிருந்தது. டேப் போட்டு ஒட்டினதும் நான்தான். ஈரம் உள்ள நின்னதுக்கு நான்தான் காரணம். என்னைத் திட்டு, கேட்டுக்கறேன். ஆனா உறையைப் பிரிச்சது நான் இல்ல. ஆறு மணிக்கு நான் வந்தப்பவே பிரிஞ்சிருந்தது. இவர் வந்தது ஆறரைக்கு. யாரு அண்ணா பிரிச்சது?"

அண்ணன் ஆட்கள் பக்கம் திரும்பினார். "நீங்கல்லாம் போங்க. டீ குடிச்சிட்டு வாங்க."

எல்லோரும் நகர்ந்தார்கள். சத்தம் மட்டும் அவள் பக்கத்தில் வந்து ஒரு கணம் நின்றார்.

"நீங்க கை வெச்ச காயிலைத்தான் நான் தைரியமாத் தூக்கறேன் பாப்பாம்மா" என்றார். "இன்னிக்கு நேத்து இல்ல, வருஷக்கணக்கா."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. சாய்ந்து சாய்ந்து அவர் வெளியே போவதைப் பார்த்தபோது பாப்பாவுக்குக் கண் கலங்கியது. கசந்து கிடந்த அந்தக் காலையில் அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்குக் குடிக்கக் கிடைத்த தண்ணீர்.

மூவரும் தனியே நின்றார்கள்.

"சொல்லு அண்ணா."

"பீரோக்காரர்தான் பிரிச்சார்" என்றார் அண்ணன். குரல் இறங்கியிருந்தது. "அன்னிக்கு நாலு மணிக்கு, ஆளுங்க டீக்குப் போயிருந்தப்ப வந்தார். சரக்கைக் கண்ணால பாத்தாத்தான் ஆச்சுன்னு நின்னார். நாளைக்குப் பாக்கலாங்கன்னு சொன்னேன் பாப்பா, சத்தியமாச் சொன்னேன். 'ஏன், எதை மறைக்கறீங்க'ன்னு கேட்டுட்டார். அப்புறம் நான் என்ன பேச? அவரே கத்தியை எடுத்துக் கிழிச்சார். பாத்தார், நல்லாருக்குன்னார், போயிட்டார்."

"அப்ப நேத்து அவர் திருப்பி அனுப்பினப்ப அதைச் சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? உங்களாலதான் துரு பிடிச்சதுன்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லவா? அப்புறம் இந்தப் பக்கம் திரும்பிப் பாப்பாரா? 'யாரோட கை இது'ன்னு அவர் கத்தறார். ஏதாவது ஒரு பேர் சொல்லணும். வெளியாளைச் சொன்னா வேலையை விட்டுப் போயிடுவான், ஊரெல்லாம் பேசுவான். வீட்டாளைச் சொன்னா..." அண்ணன் நிறுத்தினார்.

"சொன்னா?"

"வீட்டோட போயிடும்னு நெனச்சேன்."

கெட்ட எண்ணத்தில் அவர் அதைச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கசப்பு. நம்மிடம் பொருள் வாங்குகிறவருக்கு மனம் கோணக் கூடாது என்று பார்க்கிறோம். நம்மோடு ஒரே பாத்திரத்தில் சாப்பிடுகிறவரை எப்படி வேண்டுமானாலும் நசுக்கலாம், அவர் எங்கே போய்விடப் போகிறார் என்று நம்பிவிடுகிறோம். எத்தனை வீடுகளில் எத்தனை பேர் இப்படி மௌனமாக நசுங்குகிறார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கணவர் சாவிக்கொத்தை ஒருவழியாகக் கழற்றிவிட்டார். பதிவேட்டு மேஜையின் மேல் வைத்தார்.

"வீட்டோட போகல மச்சான்" என்றார். கோபமே இல்லாத குரல். "என்னோட போகுது. எங்க மாமாவோட லேத் பட்டறையில ஆள் கேட்டுட்டே இருக்காங்க. வேலை தெரிஞ்ச கைக்கு எங்கயும் இடம் உண்டு."

"மாப்பிள்ளை, ஏதோ ஒரு வேகத்துல..."

"வேகம் இல்ல. நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சுத்தான் நீங்க இந்தக் கூட்டத்தைக் கூட்டினீங்க."

பாப்பா பக்கம் திரும்பினார். அவள் எதிர்பார்த்த கனிவு அந்த முகத்தில் இல்லை.

"நீ ஏன் வாயைத் திறந்தே? நான் ஒருத்தன் போனா முடிஞ்சிருக்கும். இப்ப உனக்கு அண்ணனும் இல்லாமப் போயிடுச்சு."

"நீங்க சொன்ன பொய்யில நான் எப்படிங்க குடியிருக்கறது?"

அவர் வாசலை நோக்கி நடந்தார்.

அப்போதுதான் வெளியே ஹாரன் கேட்டது.

ஆறு காயிலோடு லாரி. அண்ணன் போன வாரம் வாங்கிப் போட்ட சரக்கு. வழியெல்லாம் மழை போலிருக்கிறது. தார்ப்பாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, டிரைவர் மேலே ஏறித் தார்ப்பாயின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். ஈரத் தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் அத்தனையும் அப்படியே காயில்கள் மேல் சரியப் போகிறது.

வாசலைத் தாண்டிப் போன கணவர் நின்றார். ஒரு நொடி. அவ்வளவுதான்.

"டிரைவரண்ணே! அவிழ்க்காதீங்க! வண்டியை உள்ள விடுங்க, கூரைக்கு அடியில வந்து அவிழ்க்கலாம்! தண்ணியை முதல்ல பின்பக்கமா வடிய விடுங்க!"

கத்திக்கொண்டே திரும்பி வந்தார். மேஜை டிராயரிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். மேஜை மேல் கிடந்த சாவியை அவர் பார்க்கவில்லை; பார்க்காதது போல் இருந்தார்.

ஆட்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். சத்தம் கிரேனில் ஏறினார். ஒவ்வொரு காயிலாகக் காற்றில் மிதந்து வந்து, காய்ந்த கட்டைகளின் மேல், ஒன்றோடொன்று உரசாமல் உட்கார்ந்தது. கணவர் ஒவ்வொன்றுக்கும் இருபக்கமும் ஆப்புக் கொடுத்தார். காலால் உதைத்துப் பார்த்தார். குனிந்து அடியில் ஈரம் இருக்கிறதா என்று கவனித்தார். அண்ணன் ஓர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை ஏதோ சொல்ல வாயெடுத்தார். கிரேனின் இரைச்சலில் அது எடுபடவில்லை. அல்லது அந்த இரைச்சலை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு அவரே விழுங்கிவிட்டார்.

கடைசியாகக் கணவர் சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். ஆறு உறைகளிலும் ஒரே மாதிரி எழுதினார்.

'வந்தது: பகல் 1. நாளை 1 மணி வரை பிரிக்கக் கூடாது.'

கையுறையைக் கழற்றி மடித்து டிராயரில் வைத்தார். சாக்பீஸை மட்டும், மேஜையில் சாவிக்குப் பக்கத்தில் வைத்தார். வெயிலில் இறங்கி நடந்து போனார்.

பாப்பா புதுக் காயில்களின் முன்னால் போய் நின்றாள். கை தானாக எழுந்தது. உறை கிழியவில்லை; தாளின் மேல் வைத்தால் ஒன்றும் ஆகாது. ஆனாலும் அவள் தொடவில்லை. எழுந்த கையை இன்னொரு கையோடு சேர்த்துக் கும்பிட்டாள். எப்போதும் சொல்கிற வேண்டுதல் நாக்கில் வந்து நின்றது. அதற்கு முன்னால் தன் வீட்டுக்காக வேறொன்று கேட்க வேண்டியிருந்தது. அதை எப்படிக் கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பின்னால் அண்ணன் வந்து நின்றார். மேஜையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"பாப்பா, நாளைக்கு ஒரு மணிக்கு இதைப் பிரிக்க யாரு வருவா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அண்ணனின் வெறுங்கை, பழைய காயிலின் மேல், அவளுடைய துருக்கைக்குப் பக்கத்தில் தன்னை அறியாமல் ஊன்றியிருந்தது.

"கையை எடு அண்ணா" என்றாள் பாப்பா. "ஒரு வாரத்துல தெரிஞ்சுடும்."